சித்திரக் கதைகளில் பெண்: வினைமுதலா, செயப்படுபொருளா?

ஒரு சமூகம் தன் பெண்மக்களைப் பற்றி உள்ளூர என்ன எண்ணுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அச்சமூகத்தின் மேடைப் பேச்சுக்களை மட்டும் கேட்டால் போதாது. அது தன் சிறுவர்க்குச் சொல்லும் கதைகளையும் கேட்டல் வேண்டும். மேடையில் பேசுவோர் விழிப்போடு பேசுவர். கதை சொல்வோரோ கதையின் வேகத்தில் தம்மை மறந்து சொல்வர். மறைவாய்க் கிடக்கும் கருத்துக்கள் அங்கே தாமாகவே வெளிவந்துவிடும்.

ஜப்பானியர் 'மங்கா' என வழங்கும் சித்திரக் கதைகளை இந்நோக்கோடு ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. அவற்றுள்ளும் கடற்பயணம், புதையல் வேட்டை, வாட்போர், மாயவித்தை முதலியவற்றைச் சொல்லும் வீரசாகசக் கதைகளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். இவை மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு, பட்டணத்துப் புத்தகக் கடைகளிலும் தோட்டத்து வீடுகளிலும் ஒருங்கே இடம் பெற்றுவிட்டன. நம் பிள்ளைகளுள் பலர் கண்ணகியின் பெயரை அறியும் முன்பே இக்கதைகளின் நாயகியர் பெயரை அறிந்துவிடுகின்றனர். பெரியோர்களோ 'வெறும் படப் புத்தகம்' என்று சொல்லி அப்பால் செல்கின்றனர். பிள்ளையின் நெஞ்சில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடும் ஒன்றை வெறும் படம் என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

இக்கதைகளைப் படித்தவர் உடனே ஒன்று கேட்பர்: "இவற்றில் பெண்கள் வாளேந்திப் போர் புரிகின்றனர்; கப்பலுக்கு வழிகாட்டுகின்றனர்; மலையையும் கைக்குத்தால் உடைக்கின்றனர். அடுப்படியில் கண்ணீர் வடிக்கும் நாயகியரைக் காட்டும் கதைகளைக் காட்டிலும் இவை மேலானவை அல்லவோ?" மேலானவையே. ஆயினும் வலிமை ஒன்றே அளவுகோல் ஆகுமா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

குயவன் குடத்தை வனைந்தான் என்னும் தொடரில் குயவன் வினைமுதல், குடம் செயப்படுபொருள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். குடம் எத்துணை அழகியதாயினும், எத்துணை உறுதியுடையதாயினும், அது வனையப்பட்டதே அன்றி வனைந்தது ஆகாது. கதைக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். ஒரு பெண் பாத்திரம் வலியவளா மெலியவளா என்பது இரண்டாவது வினா. கதை திரும்பும் இடத்தில் முடிவு செய்பவள் அவளா, அன்றி அவளை முன்னிட்டுப் பிறர் முடிவு செய்கின்றனரா என்பதே முதல் வினா. இவ்வினாவைக் கையிற் கொண்டு சில புகழ்பெற்ற கதைகளுக்குள் புகுவோம்.

தொரியாமா அகிரா என்பார் 1984ஆம் ஆண்டில் தொடங்கி 1995 வரை எழுதி வரைந்த 'டிராகன் பால்' கதையைக் கேள்விப்படாத சிறுவர் அரியர். அதன் தொடக்கத்தை நினைவு கூர்க. மலைக்காட்டில் தனியே வாழும் கோகு என்னும் சிறுவனுக்கு உலகம் தெரியாது, ஊர் தெரியாது, தன் பாட்டன் விட்டுச் சென்ற உருண்டையின் மகிமையும் தெரியாது. அவனை உலகிற்கு அழைத்து வருபவள் பதினாறு வயதுப் பெண்ணாகிய புல்மா. ஏழு மாய உருண்டைகளையும் தேடிச் சேர்க்கவேண்டும் என்னும் எண்ணம் அவளுடையது. அவை கிடக்கும் இடத்தைக் காட்டும் கருவியைத் தன் அறிவால் செய்தவளும் அவளே. அவள் பயணம் புறப்படாவிடில் கதையே இல்லை. அவள் வேண்ட நினைத்த வரம் நல்ல காதலன் ஒருவன் என்பது நகைப்புக்கு உரியதாயினும், வேண்டியவள் அவள், புறப்பட்டவள் அவள். வினைமுதல் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நிற்க. சில நூறு பக்கங்கள் கழிந்த பின் புல்மா எங்கே? கருவி பழுது பார்க்கும் அறையில் இருக்கின்றாள். கதை அவளை இழிவுபடுத்தவில்லை. அவள் அறிவைப் போற்றவும் செய்கின்றது. ஆனால் கதையின் சுக்கான் அவள் கையை விட்டுப் போய்விட்டது. சிச்சி என்பாள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மற்போர்ப் போட்டியில் கோகுவுக்கு எதிரே களத்தில் இறங்கும் வன்மை உடையவளாக வந்தவள், அவனை மணந்தபின் மகனைப் படிக்கச் சொல்லி இரையும் தாயாகச் சுருங்கிவிடுகின்றாள். படிக்கச் சொல்வது குற்றமா? அன்று. அதனை நகைக்கத்தக்கதாகக் காட்டி, சண்டை ஒன்றே வாழ்வு எனக் கதை சொல்வதே குற்றம். தோட்டங்களில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தவரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு, வேலை மட்டும் கொடாமல் நிறுத்தி வைத்தாற்போன்றது இச்செயல். பெயர் இருக்கின்றது, நாள் முழுதும் நிற்கின்றாள், செய்யக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் ஆசிரியரின் மனம் மட்டும் அன்று. அக்கதை பிறக்கும் பட்டறையும் ஒரு காரணம். ஜப்பானில் சித்திரக்கதைப் பத்திரிகைகளைச் சிறுவருக்கு என்றும் சிறுமியருக்கு என்றும் பிரித்தே நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றனர். சிறுவர் பத்திரிகைகளுள் தலையாயது 1968இல் தொடங்கப்பெற்ற 'ஷோனென் ஜம்ப்'. 1994ஆம் ஆண்டின் இறுதியில் அதன் ஒரே இதழ் 65 லட்சத்துக்கு மேற்பட்ட படிகள் அச்சாயிற்று. நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்றும் அதன் தாரக மந்திரம். இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர் தமக்குப் பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புவர். வாக்குக் குறைந்த கதை விரைவில் நிறுத்தப்படும். ஆகவே ஆசிரியன் வாரந்தோறும் சென்ற வாரத்தினும் பெரிய போரைக் காட்டவேண்டியவன் ஆகின்றான். இன்றைய பகைவனை வென்றால் நாளை அவனினும் பெரிய பகைவன் வேண்டும். கதை ஓர் ஏணி ஆகிவிடுகின்றது. ஏணியில் ஏற ஆசிரியன் யாருக்குக் கை கொடுக்கின்றானோ அவரே மேலே செல்வர். ஏனையோர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பர். ஆண் துணைவரும் சிலர் கீழே நிற்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும் முதலில் கீழே நிறுத்தப்படுபவள் யார் என்று கவனித்தால், அவள் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கக் காண்கின்றோம்.

கிஷிமோதோ மசாஷி 1999 முதல் 2014 வரை எழுதிய 'நருடோ'வில் வரும் சகுராவைப் பாருங்கள். தோழர் இருவரும் நினைவிழந்து கிடக்கும் காட்டில் அவள் ஒருத்தியே காவல் நிற்கின்றாள். பகைவர் அவள் நீண்ட கூந்தலைப் பற்றி இழுத்து இழிவாய்ப் பேசுகின்றனர். கத்தியை எடுத்துத் தன் கூந்தலையே அறுத்துவிட்டு அவள் எழுகின்றாள். சசுகே விரும்புவான் என்று கருதி வளர்த்த கூந்தல் அது. ஒரு சொல்லும் வேண்டாமல் ஒரு பெண்ணின் மனமாற்றத்தை உணர்த்தும் அருமையான காட்சி! அதனை வரைந்த கை தேர்ந்த கையே. ஆனால் அவ்விடத்தில் பிறந்த பெண் பின்னர் வளர்ந்தாளா? மருத்துவம் கற்றாள், பெருவலிமை பெற்றாள், கதை முடிவிலோ அதே சசுகேயின் பின்னேதான் நிற்கின்றாள். கூந்தல் அறுந்தது, கட்டு அறவில்லை.

இனி, நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகமான கதைக்கு வருவோம். ஒடா எய்ச்சிரோ 1997ஆம் ஆண்டு முதல் எழுதிவரும் 'ஒன் பீஸ்' என்னும் கடற்கொள்ளையர் கதையில், முதற் புத்தகத்திலேயே குய்னா என்னும் சிறுமி வருகின்றாள். அவள் ஒரு வாட்பயிற்சி ஆசானின் மகள். ஸோரோ என்னும் சிறுவன் அவளோடு பொருது 2,001 முறை தோற்கின்றான். இறுதியில் இரவு வேளையில் மெய்வாள் கொண்டு பொருதும் அவளே வெல்கின்றாள். வென்றவள் மகிழவில்லை, அழுகின்றாள். பெண்கள் வளர வளர ஆண்களினும் வலிமை குன்றிப் போவர் என்றும், பெண் உலகின் முதல் வாள்வீரர் ஆதல் இயலாது என்றும் தந்தை தன்னிடம் சொல்லியிருப்பதை அவனிடம் உரைக்கின்றாள். சிறுவன் சினந்து, அவ்வெண்ணத்தை மறுத்து, நம் இருவருள் ஒருவர் அப்பட்டத்தை அடைந்தே தீரவேண்டும் என்று அவளோடு உறுதிமொழி செய்துகொள்கின்றான்.

எத்துணை அரிய கட்டம் இது! பத்திரிகை சிறுவருக்கு உரியது. அதனுள் ஆசிரியர் உலகின் பழைய அநீதியை எடுத்து நேருக்கு நேர் வைத்துவிட்டார். பெண்ணின் தோல்வி உடம்பில் தொடங்குவதா, அன்றித் தந்தையின் வாயில் தொடங்குவதா என்னும் வினா எழுந்துவிட்டது. இனி விடை வரவேண்டும். வருவது யாது? மறுநாள் அச்சிறுமி படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோகின்றாள். அவள் வாளை ஸோரோ கேட்டுப் பெறுகின்றான். அவள் கனவை அவன் சுமந்து செல்கின்றான். அன்று முதல் இன்று வரை அவ்வாள் அவன் இடையில் உள்ளது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். ஸோரோவின் நட்பு தூயது; அவன் கண்ணீர் மெய்யானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வினாவை எழுப்பியவள் பெண். அதற்கு விடையாய் வாழ்ந்து காட்டியிருக்கக் கூடியவளும் அவளே. அவளை அகற்றிவிட்டு விடையை ஓர் ஆணின் கையில் கொடுத்தால், அவன் எத்தனை பகைவரை வென்றாலும் அது அவ்வினாவுக்கு விடை ஆகுமோ? ஓர் ஆண் முதல் வாள்வீரன் ஆகலாம் என்பதை யார் மறுத்தார்? தந்தையின் சொல் பொய் என்று நிறுவ அவள் உயிரோடு இருந்திருக்கவேண்டும். அவளோ ஒரு நினைவாகவும், ஒரு வாளாகவும், ஓர் ஆணின் முயற்சிக்கு எரிபொருளாகவும் மாறிவிட்டாள். வினைமுதல் செயப்படுபொருளாய் மாறும் வகையை இதனினும் தெளிவாகக் காட்டும் கட்டத்தை நாம் வேறெங்கும் கண்டிலோம்.

ஆசிரியருக்கும் இது உறுத்தியிருக்கவேண்டும். பின்னர் தஷிகி என்னும் பெண்ணை, குய்னாவின் முகச்சாயலோடு கடற்படையில் கொண்டுவருகின்றார். அவளும் வாள் வல்லவள். ஸோரோ தன்னை வென்றும் வெட்டாமல் விடும்போது, பெண் என்பதற்காகவா இச்சலுகை என்று அவளும் வெகுள்கின்றாள். பழைய வினா மீண்டும் வாயிலில் வந்து நிற்கின்றது. கதவு மட்டும் இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை.

இவ்வாசிரியரை நாம் குறை கூறுவது அவர் வல்லவர் என்பதனாலேயே ஆம். அவர் படைத்த நாமியையும் ரொபினையும் மறந்தால் நாம் நடுநிலை தவறியவராவோம். நாமி, தன் வளர்ப்புத் தாயைக் கொன்று ஊரையே அடிமைப்படுத்திய கொடியோனிடமிருந்து ஊரை விலைக்கு மீட்க, எட்டு ஆண்டுகள் திருடித் திருடிப் பத்துக் கோடி பொன் சேர்க்க முயன்றவள். ஊரார் தூற்றுவரே என்றும் பாராது தான் தேர்ந்த வழியில் தானே நடந்தவள். உலகம் முழுதுக்கும் வரைபடம் தீட்டவேண்டும் என்பது அவளுக்கே உரிய குறிக்கோள். ரொபினோ கல்வியின் வடிவம். பழங்காலக் கல்வெட்டுக்களைப் படித்தறியும் ஆற்றல் அவளிடம் உள்ளது. அதற்காக, எட்டு வயதுச் சிறுமியின் தலைக்கு அரசாங்கம் 7 கோடியே 90 லட்சம் விலை வைக்கின்றது. அவள் பிறந்த தீவைச் சுட்டெரித்தது, அங்குள்ளார் படித்தார்கள் என்ற ஒரே குற்றத்திற்காக. ஒரு பெண் எழுத்தறிந்தாள் என்பதற்கு ஓர் உலக அரசே நடுங்குவதாகக் கதை கட்டியவரை எவ்வாறு பாராட்டாமல் இருப்பது?

பாராட்டியபின் இரண்டு கேள்விகளும் கேட்கவேண்டும். கப்பலின் சமையற்காரன் ஸான்ஜி, உயிர் போயினும் பெண்ணை உதைப்பதில்லை என விரதம் பூண்டவன். கலிஃபா என்னும் பகைப்பெண்ணிடம் அவ்விரதத்தால் தோற்று விழுகின்றான். நாமி வந்து அவளோடு பொருது வெல்கின்றாள். விரதம் பெருந்தன்மையாய்த் தோன்றும். ஆனால் எதிரியாகவும் ஒரு பெண்ணைச் சமமாய் எண்ணாத பெருந்தன்மை, அவளை உயர்ந்த பீடத்தில் வைத்துப் பூட்டும் தந்திரமே ஆகும். இதே ஸான்ஜி பெண்களைக் கண்டவுடன் நிலைகுலைந்து பல்லிளிப்பதைக் கதை வேடிக்கையாக்குகின்றது. மரியாதையும் பல்லிளிப்பும் ஒரே மனிதனிடம் குடியிருப்பது தற்செயல் அன்று. இரண்டும் பெண்ணை மனுஷியாய்க் காணாத ஒரே கண்ணின் இரண்டு பார்வைகள்.

மற்றொன்று சித்திரம் பற்றியது. இக்கதையில் ஆண்கள் எத்தனை வடிவம்! குட்டையர், நெட்டையர், பானை வயிற்றர், எலும்புக்கூடு, இயந்திர மனிதர். இளம்பெண்களோ, குறிப்பாகக் கதையில் இரண்டாண்டு இடைவெளி கழிந்தபின், ஒரே அச்சில் வார்த்த பதுமைகள் போல் நுண்ணிடையும் குறைந்த உடையுமாகவே தோன்றுகின்றனர். எழுத்து அவளுக்கு அறிவு தருகின்றது. தூரிகை அதனைத் திரும்பப் பறிக்கின்றது. சித்திரக் கதையில் தூரிகையும் ஒரு வாக்குமூலமே.

வேறு வழி உண்டா? உண்டு என்று அந்நாட்டவரே காட்டியுள்ளனர். ஹொக்கைடோவின் பால் பண்ணை ஒன்றில் பிறந்து வளர்ந்த அரகாவா ஹிரோமு என்னும் பெண்மணி, ஆண்பெயராய் ஒலிக்கும் புனைபெயரோடு எழுதிய 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' 2001 முதல் 2010 வரை சிறுவர் பத்திரிகையிலேயே வெளிவந்தது. நாயகர் இருவரும் ஆண்களே. எனினும் அதன் பெண்களைக் கவனியுங்கள். வின்ரி உலோகக் கை கால் செய்யும் தொழிலாளி. எண்ணெய்க் கறை படிந்த கையோடு தன் தொழிலை நேசிக்கின்றவள். தன் பெற்றோரைக் கொன்றவனை நோக்கித் துப்பாக்கி நீட்டுகின்றாள், சுடவில்லை. பின்னர் அவன் காயத்துக்குத் தானே கட்டும் போடுகின்றாள். அவனை மன்னித்தாள் என்று கதை எளிதாய் முடிக்கவில்லை. மருத்துவரான தன் பெற்றோர் இருந்தால் யாது செய்திருப்பரோ அதனைச் செய்யத் தானே முடிவு செய்கின்றாள். ரிஸா என்னும் படைவீராங்கனை தன் மேலதிகாரியைக் காக்கும் கடமையோடு, அவன் வழி தவறினால் சுட்டுவிடும் பொறுப்பையும் ஏற்றவள். பழிவெறியில் அவன் மதியிழந்த வேளையில் அவன் தலைக்கே குறிவைத்து அவனை மனிதனாய் மீட்கின்றாள். ஒலிவியர் வடகோட்டையின் தளபதி. இஸுமி, நாயகருக்கு ஆசான். யார் நீ என்று கேட்டவரிடம் தன்னை வெறும் இல்லத்தரசி என்று சொல்லிக்கொண்டே அவரைப் புறங்காண்பவள்.

இவர்களை உயர்த்தியது வலிமை அன்று. இவர்களுள் வின்ரி ஒரு போரும் புரியவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு தொழிலும், அத்தொழிலிலிருந்து பிறந்த ஓர் அறமும், அவ்வறத்தின் வழியே செய்த ஒரு முடிவும் உள்ளன. பால்மரம் சீவி, வெயிலிலும் மழையிலும் ஆணுக்கு நிகராய் உழைத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இன்னும் உயரச் சென்றவர் மியசாகி ஹயாவோ. 1982 முதல் 1994 வரை அவர் வரைந்த 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' சிறுவர் பத்திரிகையின் ஏணிக்கு வெளியே, அசைபடப் பத்திரிகை ஒன்றில் விட்டு விட்டு வளர்ந்த கதை. நச்சுக் காடு உலகை மூடிய காலத்தில், பூச்சிகளின் மனத்தையும் அறிய முயலும் இளவரசி நௌசிகா. எதிர்ப்படையின் தலைவி குஷானாவும் பெண்ணே. அவளுக்கும் தனக்கென ஒரு வழக்கும் வஞ்சினமும் உண்டு. கதை முடிவில், மனித குலத்தின் எதிர்காலத்தை முன்னோர் தீட்டிய திட்டத்திடம் ஒப்படைப்பதா, அன்றி அத்திட்டத்தையே அழித்து, இருக்கும் உயிர்களோடு வாழ்ந்து மடிவதா என்னும் பேரிடர் நிறைந்த முடிவு அவளிடம் வருகின்றது. அவளே முடிவு செய்கின்றாள்; அதன் பழியையும் அவளே சுமக்கின்றாள். அவள் செய்தது சரியா என்று படித்தவர் வாதாடலாம். வாதாடத்தக்க முடிவை ஒரு பெண் கையில் கொடுத்ததே அக்கதையின் பெருமை. தவறும் உரிமை இல்லாதவளுக்குச் செய்யும் உரிமையும் இல்லை.

"இவை சிறுவருக்காக எழுதப்பட்டவை, நாயகன் ஆணாக இருப்பதில் வியப்பென்ன?" என்பார் உளர். நாயகன் ஆணாக இருக்கட்டும். அதனை நாம் மறுக்கவில்லை. அரகாவாவின் கதையிலும் நாயகர் ஆண்களே என்று காட்டினோம். சிறுவர் பத்திரிகைகளைச் சிறுமியரும் ஆர்வத்தோடு படிக்கின்றனர் என்பதை அந்நாட்டுப் பதிப்பாளரும் அறிவர். அன்றியும், சிறுவர் மட்டுமே படிப்பதாயின் அக்குறை இன்னும் கொடிது. பெண் பார்த்துக்கொண்டு நிற்கப் பிறந்தவள் என்று கதைதோறும் கற்கும் சிறுவன், நாளை தந்தையாகிக் குய்னாவின் தந்தை சொன்னதையே தன் மகளிடம் சொல்வான்.

வேறு சிலர், "இப்புத்தகங்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கிவிடுவதே வழி" என்பர். பிடுங்கிய புத்தகம் தலையணைக்கு அடியில் மீண்டும் முளைக்கும். மேலும், இவற்றுள் எத்துணை நன்மை உண்டு என்பதையும் கண்டோம். விடாமுயற்சியையும் தோழமையையும் பிள்ளைகள் இவற்றில் கற்கின்றனர். ஆகவே பிடுங்கவேண்டாம், கூட அமர்ந்து படியுங்கள். படித்து முடித்த மகனிடமும் மகளிடமும், இக்கதையில் இப்பெண்ணுக்கு வேண்டியது யாது, அதற்காக அவள் செய்த முடிவு யாது, அவளை எடுத்துவிட்டால் கதை நின்றுவிடுமா என்று கேளுங்கள். விடை சொல்லப் பழகிய பிள்ளை ஜப்பானியச் சித்திரக் கதையோடு நில்லாது, நம் ஸினிமாவையும், நம் தொடர்கதைகளையும், நம் வீட்டு நடப்பையும் அதே வினாவால் அளக்கத் தொடங்கும். அதனைக் கண்டு பெற்றோர் அஞ்சலாகாது.

கதையில் ஒரு சிறுமியைப் படிக்கட்டில் வீழ்த்த ஆசிரியனுக்கு ஒரு கோடு போதும். வீட்டில் ஒரு சிறுமியை வீழ்த்தத் தந்தைக்கு ஒரு சொல் போதும். 'நீ பெண், உன்னால் ஆகாது' என்னும் அச்சொல்லை நாம் சொல்லாதிருப்போமாக. நம் பெண்மக்கள் தம் வாளைத் தாமே ஏந்தட்டும். அவர் கனவைச் சுமக்க வேறொருவர் தேவையில்லை.